தொட்டால் தெரியாத கை

கனடாவில் இருக்கும் மக்களே, பர்ஸில் அஞ்சு டாலர் நோட்டு இருந்தா எடுத்துப் பின்பக்கம் திருப்பிப் பாருங்க. (எல்லாத்துக்கும் கார்டு தேய்க்கிற கோஷ்டி பக்கத்து சீட்டுக்காரர்கிட்ட வாங்கிப் பாருங்க. மறக்காம திருப்பிக் குடுத்துடுங்க.) 2013 நவம்பரில் வந்த பிளாஸ்டிக் நோட்டு. ஒரு விண்வெளி வீரர், கனடார்ம்-2 என்கிற நீளமான இயந்திரக் கை, டெக்ஸ்டர் என்கிற ரெண்டு கை ரோபோ, மூணும் அதில் இருக்கும். இப்ப முன்பக்கம் திருப்பி மூலையில் விரலால் தடவுங்க. புடைப்பா ஆறு புள்ளிகள் தட்டுப்படும். பார்வையற்றவங்க தொட்டே இது அஞ்சு டாலர்னு தெரிஞ்சுக்கறதுக்காக வச்சது.

பின்பக்கம் இருக்கிற கை விண்வெளியில் பல டன் எடையை அசால்ட்டா நகர்த்தும். ஆனா முன்பக்கம் இருக்கிற ஆறு புள்ளியைத் தடவி எண்ண அதால முடியாது. ஒண்ணாங்கிளாஸ் பிள்ளை கண்ணை மூடிக்கிட்டு செய்யற வேலை அது! ஏன் இப்படி? இந்தக் கேள்விக்குப் பதில் தேடிப் போனா, பாதிக் கதை நான் இருக்கிற டொராண்டோவுக்குள்ளேயும் அதைச் சுத்தியும்தான் நடந்திருக்கு.

நான் இங்கே முதுகலை படிக்க வந்த ஆள். ரோபோக்களுக்குத் தொடு உணர்வு குடுக்கிறதைப் பத்திப் பாடத்துக்காகப் படிக்க ஆரம்பிச்சு, பாடத்தை விட வரலாறு சுவாரசியமா இருந்ததால் அதிலேயே மாட்டிக்கிட்டேன். கொஞ்சம் நீளமான பதிவு. சமன்பாடு ஒண்ணு கூட வராது, சத்தியம் :-)

அணு உலையில் ஆரம்பிச்ச கை

1969-ல் நாசா தன்னோட விண்வெளி ஓடத் திட்டத்தில் சேர வர்றீங்களான்னு கனடாவைக் கூப்பிட்டது. என்ன செய்து குடுக்கப் போறோம்னு அப்போ முடிவாகலை. டிஎஸ்எம்ஏ ஆட்கான் என்கிற டொராண்டோ கம்பெனி, கேண்டு அணு உலைக்குள் எரிபொருள் ஏத்துறதுக்குன்னு ஒரு ரோபோ செய்து வச்சிருந்தது. மனுஷன் கை வைக்கக் கூடாத இடத்தில் அவனுக்குப் பதிலா வேலை செய்யற கை. அது நாசா கண்ணில் பட்டது. (கேண்டுன்னா நமக்குச் சம்பந்தமில்லாத சமாச்சாரம்னு நினைச்சுடாதீங்க. நம்ம கல்பாக்கத்து கனநீர் உலைகளும் அந்த வம்சம்தான்.)

1975-ல் கனடாவின் தேசிய ஆராய்ச்சிக் கழகமும் நாசாவும் ஒப்பந்தம் போட்டாங்க. செய்யற பொறுப்பு டொராண்டோவின் ஸ்பார் ஏரோஸ்பேஸ் கம்பெனிக்கு. தோள், முழங்கை, மணிக்கட்டுன்னு மனுஷக் கையைப் பார்த்தே வடிவமைச்சாங்க. மொத்தம் ஆறு மூட்டு, 15 மீட்டர் நீளம், எடை சுமார் 410 கிலோ. விண்வெளியில் 29 டன் சுமையை நகர்த்துற அந்தக் கையால பூமியில் தன்னோட எடையையே தாங்க முடியாது. அதனால இங்கே ஒரு கூடத்தில் வழவழன்னு சமதளத் தரை போட்டு, அதன்மேல் காற்று மெத்தையில் மிதக்க விட்டுத்தான் சோதிச்சுப் பார்த்தாங்க. கேரம் போர்டில் பவுடரைக் கொட்டிக் காயைச் சுண்டுற அதே தந்திரம்.

1981 நவம்பர் 12 அன்னிக்கு கொலம்பியா ஓடத்தில் ஏறிப் போன அந்தக் கை, மறுநாள் முதல் தடவையா வெளியே நீண்டது. கனடார்ம்னு பேர். அதுக்கப்புறம் 30 வருஷம், 2011 ஜூலையில் கடைசி ஓடம் திரும்பி வர்ற வரைக்கும் உழைச்சது.

விரல்? கிடையாது. கையோட நுனியில் ஒரு உருளை, அதுக்குள்ளே மூணு கம்பி. பிடிக்க வேண்டிய பொருளில் ஏற்கெனவே ஒரு முளை வச்சிருப்பாங்க. முளை உருளைக்குள் வந்ததும் கம்பிகள் சுழன்று சுருக்குப் போட்டு இறுக்கிடும். ஊரில் மாட்டுக்குச் சுருக்குக் கயிறு போடறோமே, கிட்டத்தட்ட அதேதான்.

கண்ணால் தொட்ட கை

இந்தக் கைக்குத் தொடு உணர்வே கிடையாது. நான் குத்தம் சொல்றேன்னு நினைக்காதீங்க. கனடா விண்வெளி நிறுவனமே முதல் கையையும் ரெண்டாவது கையையும் ஒப்பிட்டுப் போட்ட பட்டியலில் முதல் கைக்கு நேரா இதை வெளிப்படையா எழுதியிருக்கு. உள்ளே உட்கார்ந்து கையை இயக்கறவங்க ஜன்னல் வழியாவும் கேமரா வழியாவும் பார்த்துத்தான் எல்லாம் செய்யணும். எதிலாவது இடிச்சா, இடிச்சதை அவங்க கண்தான் சொல்லணும்; கைப்பிடியில் ஒண்ணும் தெரியாது.

1984-ல் டிஸ்கவரி ஓடத்தில் ஒரு கூத்து நடந்தது. கழிவுநீர் வெளியேறுற துளையில் பெரிய ஐஸ் கட்டி உறைஞ்சு ஒட்டிக்கிச்சு. பூமிக்குத் திரும்பும்போது அது உடைஞ்சு ஓடத்து மேலேயே மோதினா வம்பு. என்ன செய்யறதுன்னு யோசிச்சு, கனடார்மை மெதுவா நீட்டி, கேமராவில் பார்த்துக்கிட்டே தட்டி விட்டாங்க. ஐஸ் போச்சு, ஓடத்துக்கு ஒரு கீறல் விழலை. எவ்வளவு அழுத்தமா தட்டுறோம்னு உணராமலே, 15 மீட்டர் கம்பால் ஐஸை மட்டும் தட்டி விடறது சாதாரண வேலை இல்லை. அந்த சாமர்த்தியம் முழுக்க மனுஷக் கண்ணிலயும் பயிற்சியிலயும் இருந்தது. கை வெறும் கம்பு.

இதில் ஒரு பொறியியல் தந்திரம் ஒளிஞ்சிருக்கு. பிடிக்கப் போற பொருள் எல்லாத்துலயும் ஒரே மாதிரி முளையை முன்கூட்டியே வச்சுட்டா, கை தடவித் தெரிஞ்சுக்க வேண்டிய அவசியமே இல்லை. உலகத்தைக் கைக்கு ஏத்தபடி மாத்திடறது. கார் தொழிற்சாலை ரோபோக்களும் இப்படித்தான். 1961-ல் அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸ் ஆலையில் முதல் யூனிமேட் ரோபோ இறங்கினதிலிருந்து, பாகம் ஒவ்வொண்ணும் ஒரு மில்லிமீட்டர் பிசகாம அதே இடத்தில் வந்து நிக்கும். ரோபோ கண்ணை மூடிக்கிட்டு எடுக்கும். பாகம் கொஞ்சம் தள்ளி நின்னா போச்சு, காத்தைப் பிடிச்சுக்கிட்டு வெல்டிங் வைக்கும்.

ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு

நம்ம விரல் என்ன செய்யுதுன்னு கொஞ்சம் பார்ப்போம். ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம்னு சொல்றோம். பதத்தை எப்படிப் பார்க்கறோம்? கண்ணால இல்லை. ஒரு பருக்கையை எடுத்து ரெண்டு விரலுக்கு நடுவில் வச்சு நசுக்கறோம். உள்ளே கட்டை இருக்கா, குழைஞ்சு போச்சான்னு விரல் சொல்லிடும். அதிரசத்துக்குப் பாகு காய்ச்சும்போதும் இதே கதைதான். கம்பிப் பதம், உருட்டுப் பதம் எல்லாம் விரலால் எடுத்த அளவு. அம்மாக்கள் வெப்பமானி வச்சுப் பார்த்து நான் பார்த்ததில்லை.

சுவீடன்காரங்க ரோலண்ட் யோஹான்சன், ஓகே வால்போ ரெண்டு பேரும் 1979-ல் கணக்குப் போட்டுப் பார்த்தாங்க. ஒரு உள்ளங்கையிலயும் அதன் விரல்களிலயும் சேர்த்து சுமார் 17,000 தொடு உணர் நரம்பு முனைகள். அதுல நாலு ரகம். ஒரு ரகம் அழுத்தி வச்சிருக்கிற வரைக்கும் சொல்லிக்கிட்டே இருக்கும். ஒரு ரகம் தொடும்போதும் விடும்போதும் மட்டும் குரல் குடுக்கும். ஒரு ரகம் நுண்ணிய அதிர்வுக்கு, ஒண்ணு தோல் இழுபடறதுக்கு. விரல் நுனியில்தான் கூட்டம் ஜாஸ்தி.

அதே யோஹான்சன் 1984-ல் இன்னொண்ணு காட்டினார். கையில் பிடிச்சிருக்கிற பொருள் லேசா நழுவ ஆரம்பிச்சா, பிடி தானாவே இறுகிடுது. ஒரு நொடியில் 10-ல் ஒரு பங்குக்கும் குறைவான நேரம். "ஐயோ நழுவுதே"ன்னு மனசு நினைக்கறதுக்கு முன்னாடியே வேலை முடிஞ்சுடும். காலையில் டம்ளரை எடுத்து காபி குடிச்சீங்களே, அப்போ இது எத்தனை தடவை நடந்ததுன்னு உங்களுக்கே தெரியாது.

இத்தனை நுணுக்கமான சமாச்சாரம் எங்கே தொடங்குதுங்கிறதே ரொம்ப நாள் புதிரா இருந்தது. அழுத்தத்தை நரம்பு மின்சாரமா மாத்துற பியசோ என்கிற புரதங்களை ஆர்டெம் படபூட்டியன் குழு கண்டுபிடிச்சது 2010-ல். அவருக்கு நோபல் பரிசு கிடைச்சது 2021-ல். பார்வையைப் பத்தின அடிப்படைக் கண்டுபிடிப்புகளுக்கு 1967-லயே நோபல் குடுத்தாச்சு. உயிரியலிலேயே தோல் கடைசி பெஞ்சுதான்.

நான் குடியிருக்கிறது ஸ்கார்பரோவில், ஒரு ஈழத்தமிழ்க் குடும்பத்தோட பேஸ்மெண்ட். வீட்டுக்கார அக்கா ஒரு கேட்டரிங் சமையலறையில் ரோல்ஸ் போடறாங்க. இங்கே ரோல்ஸ் சாப்பிடாதவங்க பாவம் செய்தவங்க. மைதாவைக் கரைச்சு மெல்லிசா தோசை மாதிரி சுட்டு, உள்ளே கிழங்கும் இறைச்சியும் வச்சுச் சுருட்டி, முட்டையில் தோய்ச்சு, ரஸ்க் தூளில் புரட்டிப் பொரிக்கறது. நாள் முழுக்க நூத்துக்கணக்கில் சுருட்டுவாங்க. எவ்வளவு இறுக்கிச் சுத்தணும்னு என் பாட நோட்டோட போய்க் கேட்டேன்.

"இறுக்கிச் சுத்தினா வெடிக்கும் தம்பி, லூசாச் சுத்தினா எண்ணெய் குடிக்கும். எவ்வளவெண்டு கேட்டா எப்பிடிச் சொல்லுறது? அது கைக்கு விளங்கும்."

நோட்டில் எழுதிக்கிட்டேன். இதை விட நல்லா எந்தப் பேராசிரியரும் இந்தப் பிரச்சினையை எனக்குச் சொல்லலை.

1982: ஒரு மாணவனோட ஆய்வேடு

கனடார்ம் பறந்த அடுத்த வருஷம், அதே டொராண்டோவில் யாரும் கைதட்டாம ஒண்ணு நடந்தது. டொராண்டோ பல்கலைக்கழக மின்பொறியியல் துறையில் நிமிஷ் மேத்தா என்கிற முதுகலை மாணவர் ஒரு ஆய்வேடு சமர்ப்பிச்சார். ஒரு பனிக்கண்ணாடிப் பலகை, பின்பக்கம் ஒரு கேமரா. பலகையில் விரலை வச்சா, பின்னாலிருந்து பார்க்கும் கேமராவுக்கு வெள்ளைப் பின்னணியில் ஒரு கறுப்புப் புள்ளி தெரியும். அழுத்த அழுத்தப் புள்ளி பெரிசாகும். ஒரே நேரத்தில் பல விரல் வச்சாலும் தெரியும்.

ஒரே நேரத்தில் பல விரலைப் புரிஞ்சுக்கிற கணினி உள்ளீட்டுக் கருவிகளில் தனக்குத் தெரிந்து இதுதான் முதல்னு, அப்போ அதே பல்கலையில் இருந்த பில் பக்ஸ்டன் பிற்பாடு எழுதினார். மேத்தாவுக்கு அடுத்து லீ என்கிற இன்னொரு முதுகலை மாணவர் கேமரா இல்லாமலே ஒரு மெல்லிய பலகை செய்தார். லீ, பக்ஸ்டன், பேராசிரியர் கே.சி. ஸ்மித் மூணு பேரும் 1985-ல் அதைக் கட்டுரையா வெளியிட்டாங்க. பல விரல்களையும், ஒவ்வொரு விரலின் அழுத்தத்தையும் தனித்தனியா உணர்ற பலகை. ஐபோன் வந்தது 2007-ல். கணக்குப் பண்ணிக்கோங்க.

முதுகலை ஆய்வேடுன்னா நூலகத்தில் தூசி தட்டக் கிடக்கும்னு நினைச்சுக்கிட்டிருந்த எனக்கு இது பெரிய ஆறுதல் ;-) ஆனா இங்கே முக்கியமான விஷயம் வேற. மேத்தா கணினிக்கு விரல் குடுக்கலை, மனுஷ விரலை உணர்ற பலகை குடுத்தார். தொடுதலை ஒரு படமா மாத்திட்டா கணினிக்குப் புரியும் என்கிற யோசனை அதில் இருந்தது. அதை மனசுல வச்சுக்கோங்க, பின்னாடி வரும்.

தடியால் தடவுற மாதிரி

2001 ஏப்ரலில் கனடார்ம்-2 விண்வெளி நிலையத்துக்குப் போனது. கிறிஸ் ஹாட்ஃபீல்ட் வெளியே மிதந்து போய்ப் பொருத்தினார். 17 மீட்டர், ஏழு மூட்டு. இந்தத் தடவை ஒரு புது அம்சம்: விசையையும் முறுக்கத்தையும் அளக்கிற உணரிகள். கை எதிலாவது முட்டினா எவ்வளவு பலமா, எந்தப் பக்கமா முட்டுதுன்னு அதுக்குத் தெரியும். அதே மாசம் புதுக் கை தன்னைக் கொண்டு வந்த தொட்டிலைப் பழைய கனடார்ம் கையில் குடுத்தது. விண்வெளிக் கைகுலுக்கல்னு எல்லாரும் கொண்டாடினாங்க. கை குலுக்கின ரெண்டில் ஒண்ணுக்குத்தான் அது தெரிஞ்சிருக்கும்!

2008 மார்ச்சில் டெக்ஸ்டர் போச்சு. டொராண்டோவை ஒட்டியிருக்கிற பிராம்ப்டனில் எம்டிஏ கம்பெனி செய்தது. ரெண்டு கை, கைக்கு ஏழு மூட்டு. நிலையத்துக்கு வெளியே ஒரு பெட்டியைப் பள்ளத்துக்குள் சொருகும்போது கோணல் ஆனா, எந்தப் பக்கம் உரசுதுன்னு உணர்ந்து தானே சரி பண்ணிக்கும். 2013 ஜனவரியில் எரிபொருள் நிரப்பும் சோதனை ஒண்ணில், சுமார் அரை மில்லிமீட்டர் தடிமன் உள்ள பாதுகாப்புக் கம்பிகளை வெட்டி, மூடியைத் திறந்து, எத்தனால் நிரப்பியது. தரையிலிருந்து இயக்கிச் செய்த வேலை.

அதே 2008-ல் கால்கரியில் நியூரோஆர்ம் என்கிற அறுவை ரோபோ முதல் முறையா ஒருத்தரோட மூளைக் கட்டியை எடுக்க உதவியது. டாக்டர் கார்னெட் சதர்லேண்டோட எம்டிஏ பொறியாளர்கள் சேர்ந்து உருவாக்கினது. கருவி திசுவில் அழுத்துற விசை டாக்டரோட கைப்பிடிக்கே திரும்பி வரும். விண்வெளிக் கைக்கு இல்லாத சொகுசு மூளைக்குள்ள போற கைக்கு அவசியமாயிடுச்சு.

இந்த விஷயத்தில் நம்ம ஊரும் சும்மா இல்லை. எம்ஐடியில் தொடு உணர்வு ஆய்வகத்தைத் தொடங்கினவர் மண்டயம் ஸ்ரீனிவாசன். 2002-ல் அவர் குழுவும் லண்டன் யுனிவர்சிட்டி காலேஜும் சேர்ந்து, கடலுக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் இருந்த ரெண்டு பேர் ஒரே கற்பனைப் பெட்டியைச் சேர்ந்து தூக்கவும், ஒருத்தர் தள்ளுறதை இன்னொருத்தர் உணரவும் வச்சாங்க. சென்னை ஐஐடியில் பேராசிரியர் எம். மணிவண்ணன் இதே துறையில் டச் லேப் நடத்தறார்.

ஆனா இதெல்லாம் விசையை உணர்றது, தோலால் உணர்றது இல்லை. வித்தியாசம் புரியணும்னா டொராண்டோ ஜனவரியை நினைச்சுக்கோங்க. மைனஸ் 20, கையில் தடிக் கையுறை, பாக்கெட்டுக்குள்ள வீட்டுச் சாவி. ஏதோ முட்டுதுன்னு தெரியும். அது சாவியா, சில்லறையா, பஸ் கார்டானு தெரியாது. கையுறையைக் கழட்டின அடுத்த நொடி தெரிஞ்சுடும். டெக்ஸ்டர் நிரந்தரமா கையுறை போட்ட ஆள். பார்வையற்றவர் தடியால் தரையைத் தட்டிப் பார்க்கறதுக்கும், விரலால் பிரெயில் படிக்கறதுக்கும் உள்ள வித்தியாசமும் இதேதான்.

கண் மட்டும் ஏன் முந்தியது?

2012-ல் டொராண்டோ பல்கலைக்கழகத்தில் ஜெஃப்ரி ஹிண்டனும் அவர் மாணவர்கள் அலெக்ஸ் கிரிஷெவ்ஸ்கி, இல்யா சட்ஸ்கெவரும் சேர்ந்து செய்த நியூரல் நெட்வொர்க், படங்களை அடையாளம் காணும் போட்டியில் மத்தவங்களை ரொம்பப் பின்னாடி தள்ளிடுச்சு. இயந்திரத்துக்குக் கண் தெரிய ஆரம்பிச்ச வருஷம்னே சொல்லலாம். 2024-ல் ஹிண்டனுக்கு இயற்பியல் நோபலும் வந்துச்சு. அப்போ இந்த ஊர் 1981-ல் நீளமான கை குடுத்தது, 2012-ல் கண் குடுத்தது. தோல் மட்டும் வரலை. ஏன்?

கண்ணுக்குத் தீனி தயாரா இருந்தது. அந்த நெட்வொர்க் படிச்சது சுமார் 12 லட்சம் படங்கள். எல்லாம் யாரோ எப்பவோ எடுத்து இணையத்தில் போட்ட போட்டோக்கள். பூனையைப் பார்க்க பூனை பக்கத்தில் போகத் தேவையில்லை. ஆனா பூனை ரோமம் எவ்வளவு மெத்துன்னு தெரியணும்னா தொட்டே ஆகணும். எவ்வளவு வேகமா தடவறோம், எவ்வளவு அழுத்தறோம்ங்கிறதைப் பொறுத்து உணர்வும் மாறும். (பூனையோட ரியாக்‌ஷனும் மாறும்.) தொடுதல்ல பாதி செயல், பாதி உணர்வு. இணையத்தில் தொடுதலோட போட்டோ கிடையாது.

2019-ல் ஓபன்ஏஐ ஒரு ரோபோ கையால் ரூபிக்ஸ் கியூபைச் சுத்த வச்சது ஞாபகமிருக்கும். கணினிக்குள்ள பாவனையா 13,000 வருஷப் பயிற்சிக்குச் சமமான அனுபவம் குடுத்தாங்க. அவ்வளவுக்கு அப்புறமும் ரொம்பக் கலைச்ச கியூபை 10 தடவையில் ரெண்டு தடவைதான் முடிச்சது. அந்தக் கை விரல் நுனித் தொடு உணர்வைப் பயன்படுத்தவே இல்லை. கேமராவும், கியூபுக்குள்ள இருந்த உணரிகளும்தான் சொல்லிக் குடுத்தது. கனடார்ம் காலத்துக் கதையேதான், கண்ணால் தொடறது.

ஹான்ஸ் மொராவெக் இதை 1988-லயே சொல்லிட்டார். பெரியவங்க மாதிரி செக்கர்ஸ் ஆடறதைக் கணினிக்குக் கத்துக் குடுக்கறது சுலபம், ஒரு வயசுக் குழந்தை மாதிரி பார்க்கவும் நகரவும் கத்துக் குடுக்கறதுதான் கஷ்டம்னு. நமக்குச் சுலபமாத் தெரியறது பரிணாமம் கோடிக்கணக்கான வருஷம் தேய்ச்சுப் பளபளப்பாக்கினது; அதனாலதான் கஷ்டமே தெரியலை. மொராவெக் கனடாவில் வளர்ந்தவர், 1971-ல் முதுகலை முடிச்சது இங்கே பக்கத்துல வெஸ்டர்ன் ஒண்டாரியோ பல்கலையில். (முதுகலை மாணவர்கள் ஸ்கோர் ஏறிக்கிட்டே போகுது!)

விரலுக்குள்ள ஒரு கேமரா

சரி, தோல் எப்படித்தான் வருது? 2009-ல் எம்ஐடியில் கிமோ ஜான்சனும் எட்வர்ட் அடெல்சனும் ஜெல்சைட் என்கிற கருவியை அறிமுகப்படுத்தினாங்க. மெத்துன்னு ஒரு ஜெல் பட்டை, வெளிப்பக்கம் ஒளியைத் திருப்பி அனுப்புற பூச்சு, உள்பக்கம் விளக்குகள், பின்னால் ஒரு கேமரா. எதையாவது அமுக்கினா ஜெல் அந்த வடிவத்துக்குக் குழியும். கேமரா அந்தக் குழிவைப் படம் பிடிக்கும். அஞ்சு டாலர் நோட்டின் ஆறு புள்ளியெல்லாம் இதுக்கு ஜுஜுபி. 2020-ல் ஃபேஸ்புக் ஆய்வாளர்கள் இதே பாணியில் விரல் நுனி அளவுக்கு டிஜிட் என்கிற உணரியைச் செய்து, வடிவமைப்பை எல்லாருக்கும் இலவசமா திறந்து விட்டாங்க.

மெத்துன்னு ஒரு பரப்பு, பின்னால் ஒரு கேமரா, அழுத்தம் படமா மாறுது. மேத்தாவோட பனிக்கண்ணாடி ஞாபகம் வருதா? நேர் வாரிசுன்னு நான் சொல்ல வரலை. ஆனா யோசனை அதேதான். 1982-ல் மனுஷ விரலை உணர்ந்த பலகை, இப்போ சுருங்கி ரோபோவின் விரலுக்குள்ளேயே போயிடுச்சு. 2012-ல் வந்த கண், இப்ப விரலுக்குள்ள உட்கார்ந்து தொட்டதைப் பார்க்குது.

2025 மே மாசம் அமேசான், தொடு உணர்வு உள்ள கிடங்கு ரோபோன்னு வல்கனை அறிமுகப்படுத்தினது. அமெரிக்காவில் ஸ்போக்கேன், ஜெர்மனியில் ஹாம்பர்க் கிடங்குகளில் வேலை செய்யுது. தன்கிட்ட இருக்கிற பொருள் வகைகளில் சுமார் 75 சதவீதத்தை அதால கையாள முடியும்னு கம்பெனி சொல்லுது. ஆக, பொழுதுபோக்கு ஆராய்ச்சி கட்டத்தைத் தாண்டியாச்சு.

யாரோட கை?

நான் இதை எழுத உட்கார்ந்ததுக்குக் காரணம் இந்தக் கடைசிப் பகுதிதான்.

டெக்ஸ்டர் பிறந்த அதே பிராம்ப்டனில் வரிசையா கிடங்குகள். பஞ்சாபிப் பையன்கள், நம்ம தமிழ் ஆட்கள், என்னை மாதிரி படிக்க வந்தவங்க ஷிப்ட் போட்டுப் பெட்டி கட்டறாங்க. ஸ்கார்பரோவில் எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் அகதியா வந்து இறங்கின ஒரு தலைமுறை தொழிற்சாலையிலும் உணவகப் பின்கட்டிலும் கையை வச்சுத்தான் வீடு வாங்கி, பிள்ளைகளைப் படிக்க வச்சது. அந்த வேலைக்கு விளம்பரத்தில் என்ன பேர் தெரியுமா? ஜெனரல் லேபர். தேர்ச்சி தேவையில்லை, யாரும் வரலாம்.

தேர்ச்சி தேவையில்லையாம். 15 மீட்டர் கையை விண்வெளிக்கு அனுப்பின ஊர், இயந்திரத்துக்குக் கண் குடுத்த ஊர், நாப்பது வருஷத்துக்கு மேலாகியும் ஒரு ரோல்ஸை ஒழுங்காச் சுருட்டற ரோபோ கையை எனக்குக் காட்டலை. இந்த வரலாற்றை முழுசாப் படிச்ச ஒருத்தரால் அந்த வேலையைத் தேர்ச்சியில்லாத வேலைன்னு சொல்ல வாய் வராது. சம்பளம் வேலையோட கஷ்டத்தை அளக்கலை. அதைச் செய்யத் தெரிஞ்சவங்க எத்தனை பேர் வரிசையில் நிக்கறாங்கங்கிறதை மட்டும்தான் அளக்குது.

ரோபோ வந்தா வேலை போகுமான்னு கேட்டா, சில வேலை போகும். முதுகு ஒடியற, விரல் மரத்துப் போற வேலை போனா நல்லதுன்னு அக்காவே சொல்வாங்க. என் கவலை அதுக்கு முன்னாடி நடக்கறதைப் பத்தி. தொடுதலை இணையத்திலிருந்து அள்ள முடியாது இல்லையா? அதனால இப்போ மனுஷங்க கையில் உணரி வச்ச உறையை மாட்டியோ, ரோபோ கையை அவங்களையே இயக்க வச்சோ, மடிக்கறதையும் அடுக்கறதையும் திரும்பத் திரும்பச் செய்யச் சொல்லிப் பதிவு பண்றாங்க. அதாவது, "கைக்கு விளங்கும்"னு அக்கா சொன்னாங்களே, அந்த விளக்கத்தைக் கையிலிருந்து எடுத்து எழுதறாங்க.

கண்ணுக்கு அள்ளினப்போ போட்டோ எடுத்தவங்களை யாரும் கேட்கலை. படம் இணையத்தில் கிடந்தது, எடுத்துக்கிட்டாங்க. தொடுதல் அப்படிக் கிடைக்காது. எடுக்கணும்னா ஆள் முன்னாடி நின்னு, அவங்க கையைக் கேட்டு வாங்கணும். இந்தத் துறை மெதுவா நகர்றதுக்கு அதுதான் காரணம். எனக்கு நம்பிக்கை தர்றதும் அதுதான். முதல் தடவையா, கேட்காம எடுக்க முடியாத ஒரு அறிவு. ஒரு மணி நேரத்துக்கு இவ்வளவுன்னு கூலி குடுத்து முடிச்சுக்கப் போறோமா, இல்லை சொல்லிக் குடுத்த கைக்கு ஏதாவது பங்கு, குறைஞ்சபட்சம் ஒரு பெயர் உண்டா? கனடார்மை வடிவமைச்சவங்க பெயர் புத்தகத்தில் இருக்கு. மேத்தாவோட பெயர் ஆய்வேட்டு அட்டையில் இருக்கு. ரோபோவுக்கு மடிக்கச் சொல்லிக் குடுத்த கையோட பெயர் எங்கேயும் எழுதலைன்னா, அது தொழில்நுட்பத்தோட குறை இல்லை, நம்ம குறை.

என் துறைக்காரங்க யாராவது படிச்சா சண்டைக்கு வாங்க, காத்திருக்கேன். மத்தவங்களுக்கு ஒரு வேலை: உங்க வீட்டில் "கைக்குத் தெரியும்"னு மட்டுமே சொல்ல முடிஞ்ச ஒரு வேலை இருக்கும். மாவு பிசையறதோ, பூ கட்டறதோ, முறுக்குச் சுத்தறதோ, தறியில் அறுந்த நூலைப் பிணைக்கிறதோ. அது என்ன, யார்கிட்ட இருக்குன்னு பின்னூட்டத்தில் எழுதுங்க. பட்டியல் எடுக்கணும். ரோபோவுக்கு இல்லை, எனக்குத்தான் :-)